பிரேசிலில் இருந்து வந்த டிரம்ஸ்காரி

போன வருஷம் மே மாதத்தில் பத்தொன்பது நாட்கள் நான் பிரேசில்காரியாக இருந்தேன். அதற்கு முன்பும் பின்பும் நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடற்கரை ஊர் மாதா கோயிலில் பூசைக்கு டிரம்ஸ் வாசிப்பேன்.

டிரம்ஸ் என் கைக்கு வந்தது திறமையினால் இல்லை, ஆள் பற்றாக்குறையினால். பாடகர் குழுவில் முதலில் வாசித்துக்கொண்டிருந்தவர் குவைத்துக்குப் போனார். அடுத்தவர் கத்தாருக்குப் போனார். மூன்றாவது ஆள் விசா வரும்வரை மட்டும் வாசிப்பதாகச் சொல்லித்தான் குச்சியையே எடுத்தார். அவரும் போன பிறகு, பெஞ்சில் தாளம் தட்டியதற்காக இரண்டு முறை திட்டு வாங்கியிருந்த என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒரு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். இருபத்தொரு வருஷம் ஆகிறது. உள்ளூரிலேயே என்னைக் கட்டிக்கொடுத்ததால் டிரம்ஸும் ஊரைவிட்டுப் போகவில்லை. விசா என் வீட்டுக்காரருக்கு வந்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், நாகர்கோவிலில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸின் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலையாளி. கூடவே, கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டும் மார்த்தாண்டத்துக்காரரும் வந்திருந்தார். வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மாமியாரிடம், "டிரம்ஸ் மாஸ்டரைப் பாக்கணும்" என்றார் மேனேஜர். மாமி கத்தியாலேயே வீட்டுக்குள் கை காட்டினாள்.

"மாஸ்டர் உள்ள மாவரைக்கா. இருங்க, கூப்பிடுகேன்."

மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய டிரம்ஸ்காரருக்குக் கை முறிந்துவிட்டது. கம்பியில் இருந்தோ யானையில் இருந்தோ விழுந்து முறியவில்லை. லாட்ஜ் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு நாள் பென் டிரைவில் பாட்டுப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். எல்லா விளையாட்டும் ஓடிவிட்டது. உயரத்தில் ஊஞ்சல் கம்பியைப் பிடித்துப் பறந்து போய் எதிர் ஊஞ்சலில் தொங்குகிறவரின் கையைப் பிடிக்கும் விளையாட்டு மட்டும் ஓடவில்லை. பென் டிரைவில், குச்சிகள் இடைவிடாமல் அதிரும் டிரம் உருட்டு முப்பது விநாடி. முப்பதாவது விநாடியில் சிம்பல் தட்டு "ஜாங்" என்று அடித்துவிடும். ஜனங்கள் கைதட்டிவிட்டு போண்டா வாங்க எழுந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பறக்கிற பெண் குதிப்பாள். யாரும் பார்ப்பதில்லை.

"அவள் சொல்லிப்போட்டாள் டீச்சரே," என்றார் மேனேஜர். "மனுஷன் வாசிச்சாத்தான் சாடுவேன், இல்லெங்கில் சாடமாட்டேன்னு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊரில் ஒரு பெண் யோசிப்பதென்றால் பத்துப் பேரிடம் கேட்பது என்று அர்த்தம்.

முதலில் மாமி. "சர்க்கஸா? சேசுவே! அரைநிக்கரு போட்டுட்டு ஆடுகவ நடுவுல போயி இருக்கப் போறியா?" என்றாள். பிறகு வீட்டுக்காரருக்கு வீடியோ கால். "ஆளுவ என்ன சொல்லுவாவ?" என்றார். நீங்க என்ன சொல்லுதிய என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆளுவ..." என்று திரும்பிப் பார்த்தார். அறையில் அவருடன் தங்கியிருக்கும் எட்டுப் பேரும் வரிசையாகப் போனுக்குள் எட்டிப் பார்த்து, "போங்கக்கா, சும்மா போங்க" என்றார்கள். ஆளுகள் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று.

பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "ஆலயத்துல வாசிக்கிற கை அம்மா அது" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். "எதுக்கும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு நாற்பது பாஸ் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க" என்றார். பாடகர் குழுத் தலைவர் இதைவிடக் கடுமையாக எதிர்த்தார். இசையின் புனிதம் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவருக்கு ஆறு பாஸ். வீட்டுக்குத் திரும்பியபோது மாமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாஸ்னா முன் வரிசையா, பின் வரிசையா மக்ளே?"

இப்படியாக ஊரின் ஒழுக்கம் முன் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தது. நான் சர்க்கஸுக்குப் போனேன்.

கூடாரத்துக்குள் ஒரு பக்கமாக உயரமான பலகை மேடை. அதன்மேல் டிரம்ஸ், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்பெட். இவ்வளவுதான் இசைக்குழு. டிரம்பெட்காரர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். கீபோர்டுக்காரர் வாசித்துக்கொண்டே போனில் கிரிக்கெட் பார்ப்பார். முதல் நாள் மேனேஜர் எனக்கு ஜிகினா வைத்த தங்கநிறக் கோட்டும், கண்ணை மறைக்கிற இறகு முகமூடியும், ஆரஞ்சு நிற டோப்பா முடியும் கொடுத்தார்.

"இது எதுக்கு சார்?"

"டீச்சர் பிரேசில்ல இருந்து வந்திருக்கு."

"நான் மணக்குடி பக்கம் சார்."

"மணக்குடின்னு சொன்னா மணக்குடிக்காரன்கூட வரமாட்டான்" என்றார். அதில் நியாயம் இருந்ததால் முகமூடியை மாட்டிக்கொண்டேன்.

பிரேசில் நான் மட்டும் இல்லை. சைக்கிளில் ஏழு பேரைச் சுமந்து ஓட்டுகிற மணிப்பூர்க்காரர்கள் மைக்கில் சீனர்கள். கத்தி எறிகிறவர் திருச்சூர்க்காரர், மைக்கில் ஸ்பெயின். உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் எத்தியோப்பியாவைச் சேர்ந்த நான்கு பேர்தான். அவர்களைப் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர், "இவனுவ நம்ம ஊர்க்காரனுவ, கரி பூசியிருக்கான்" என்று மனைவிக்கு விளக்கினார். யானை இப்போது வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் மோட்டார் வைத்த ஃபைபர் யானை ஒன்று இருந்தது. அதுதான் எங்களில் அதிகம் ஓய்வெடுத்த கலைஞர். இரண்டு காட்சிகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் சார்ஜில் நிற்கும். ஒரு நாள் அது வட்டத்தின் நடுவில் வந்து துதிக்கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டது. ஆறு பேர் தள்ளி வெளியே கொண்டுபோகும்வரை பதினொரு நிமிஷம் அணிவகுப்புத் தாளம் வாசித்தேன்.

வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் காட்சி முடிந்ததும் கோமாளி மேடைக்கு ஏறி வந்தார். பீகார்க்காரர், என் இடுப்பு உயரம், நாற்பத்தைந்து வயதிருக்கும். மேக்கப்பைத் துடைத்துவிட்டால் தாசில்தார் மாதிரி முகம். தமிழ்நாட்டில் பல வருஷம் சுற்றியதில் தமிழ் வரும்.

"டீச்சர், நான் விழறேன். நீங்க சத்தம் எப்ப குடுக்கறீங்க?"

"விழுந்ததும்தான்."

"அதான் தப்பு. விழுந்ததும் குடுத்தா ஜனங்க 'அய்யோ'ன்னு சொல்வாங்க. விழறப்பவே குடுக்கணும். அப்ப சிரிப்பாங்க. இன்னிக்கு பதினாலு தடவை விழுந்தேன். பதினாலும் வேஸ்ட்."

கோயிலில் பாடகர் குழுத் தலைவரின் கையைப் பார்த்து வாசித்துப் பழகியவள் நான். இங்கே காலைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் தரையைவிட்டுக் கிளம்பும்போதே என் கால் பெரிய டிரம்மின் பெடலில் இறங்க வேண்டும். நான்காம் நாள் அவர் விழுந்தபோது கூடாரமே சிரித்தது. எழுந்து தூசியைத் தட்டும்போது என் பக்கம் திரும்பி ஒரு தரம் தலையாட்டினார். பி.எட். முடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பறக்கிறவள் அசாம்காரப் பெண். இருபத்தாறு வயது. பத்து வருஷமாகக் கேரள சர்க்கஸ்களில் இருப்பதால் மலையாளம் பேசுவாள். நான் தமிழில் பேசுவேன். எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் கிடையாது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சேச்சி, என் கால் பலகையை விடும்வரை உருட்டை நிறுத்தக் கூடாது. கை வலித்தாலும் நிறுத்தக் கூடாது. மேலே நிற்கும்போது எனக்கு ஜனங்கள் தெரியமாட்டார்கள். உங்கள் சத்தம் மட்டும்தான் தெரியும்." சரி என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது என் சத்தத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

முதல் ஞாயிறு மாலை மாமி வந்தாள். முன் வரிசை. சீனர்களைப் பார்க்கவில்லை, ஸ்பெயினைப் பார்க்கவில்லை. பார் விளையாட்டுக்காகக் கீழே வலை விரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தவள், முடியும்வரை வலையை மட்டுமே பார்த்தாள். காட்சி முடிந்ததும் வட்டத்துக்குள் இறங்கிப் போய் வலையின் ஓரக் கயிற்றை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். மாமனார் இருந்த காலத்தில் வீட்டு மீன்வலைகளின் கிழிசல் எல்லாவற்றையும் பொத்திக் கொடுத்தது அவள்தான். ஓரிடத்தில் நின்று மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"இந்த எடத்துல கயிறு நைஞ்சிருக்கு. நாலு கண்ணியும் விட்டிருக்கு. இத வச்சு நெத்திலிகூடப் பிடிக்க முடியாது. பொம்பளப் பிள்ளைய எப்பிடிப் பிடிப்பிய?"

மேனேஜர் சிரித்தார். "அம்மே, இது ஃபாரின் வலையாக்கும்."

"ஃபாரின் கயிறு நையாதோ?" என்றாள் மாமி. மேனேஜர் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டாவது வாரம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, காலை முழுவதும் பெய்து ஓய்ந்த பிறகு மதியக் காட்சி. கூட்டம் முக்கால்வாசி. அசாம்காரப் பெண் ஏணியில் ஏறிப் பலகையில் நின்றாள். எதிரே பிடிக்கிறவர் தலைகீழாகத் தொங்கி ஆடத் தொடங்கினார். நான் உருட்டை ஆரம்பித்தேன். மெதுவாகத் தொடங்கி, ஏற்றி, அவள் கிளம்ப வேண்டிய உச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் கிளம்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். உருட்டைத் தாழ்த்தி மறுபடி ஏற்றினேன். அப்போதும் கிளம்பவில்லை. மைக்கில் அறிவிப்பாளர், "இதோ... இதோ பறக்கப் போகிறார்... இதோ..." என்று மூன்று முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். டிரம்பெட்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கீபோர்டுக்காரர்கூடப் போனில் இருந்து தலையைத் தூக்கினார்.

அவள் கையைக் குறுக்கே ஆட்டினாள். மாட்டேன் என்று அர்த்தம். பிடிக்கிறவர் நிமிர்ந்து அவருடைய கம்பியில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஏணிப் பக்கம் திரும்பினாள்.

கூட்டத்துக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. பிறகு விசில் கிளம்பியது. "ஏட்டி, பயந்துட்டியா?" என்று ஒரு குரல். "துட்டத் திருப்பிக் குடு" என்று இன்னொரு குரல். பத்து விநாடியில் கீழே இருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் வீரர்கள் ஆகிவிட்டார்கள். நாற்பதடி உயரத்தில் இருந்து இந்த விசிலுக்கு நடுவே அவள் ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். நான் உருட்டை நிறுத்தினால் அந்த விசில் மட்டும்தான் கேட்கும்.

நிறுத்தவில்லை. அவள் ஒரு படி இறங்கினால் சத்தத்தை ஒரு நூல் ஏற்றினேன். முழங்கையில் இருந்து தோள்வரை எரிந்தது. வலதுகை விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. பாதி ஏணி வந்ததும் விசில் தேய்ந்தது. என்னமோ நடக்கப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். கடைசிப் படியில் இருந்து அவள் கால் மண்ணில் பட்டதும், பெடலை மிதித்து இரண்டு சிம்பலிலும் என் பலம் முழுவதையும் போட்டு அடித்தேன். டிரம்பெட்காரர் கண் இமைப்பதற்குள் ஒரு வெற்றி நாதம் ஊதினார். கூடாரமே கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். மேடைக்கு அருகில் இருந்தவர் தன் மனைவியிடம், "ஏறுகது சுலபம். எறங்குகதுதான் கஷ்டம், பாத்துக்கிடு" என்றார். அவள் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் விரித்து வணக்கம் சொன்னாள்.

மனிதர்கள் சாகசத்துக்குக் கைதட்டுவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். சிம்பலுக்குத் தட்டுகிறார்கள்.

காட்சி முடிந்ததும் மேனேஜர் ஓடிவந்தார். "டீச்சரே, எந்தா இது? ஒண்ணும் நடக்கல, அதுக்கு ஜாங்கா?"

"ஒண்ணும் நடக்காததுனாலதான் சார் அடிச்சேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து வலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மழையில் ஒரு மூலையில் முளைக்கம்பு சேற்றில் சரிந்திருந்தது. வலை அந்தப் பக்கம் தொய்ந்து, ஓரக் கயிறு மூன்று இழையில் இரண்டு அறுந்து, ஒற்றை இழையில் நின்றுகொண்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால்தான் தொய்வு தெரியும். கயிறு அறுந்த இடம் மாமி விரல் வைத்த அதே இடம். மேனேஜர் குனிந்து அந்த ஒற்றை இழையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, குரல் இறங்கி, "அந்த அம்ம நாளைக்கு வருமோ?" என்று கேட்டார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் மாமி போய்விட்டாள். வலை பின்னுகிற ஊசி, நைலான் நூல்கண்டு, துணைக்குப் பக்கத்து வீட்டு மைனி, ஒரு தூக்குச்சட்டியில் கட்டன் சாயா. இரண்டு பேரும் வட்டத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து நான்கு மணி நேரம் பின்னினார்கள். ஓரக் கயிறு முழுவதையும் புதிதாக மாற்றச் சொன்னாள். முளைக்கம்புகளை இன்னும் ஆழத்தில் அடிக்கச் சொன்னாள். சர்க்கஸ்காரர்கள் எல்லாரும், கத்தி எறிகிற ஸ்பெயின் உட்பட, அவள் சொன்னபடி ஓடினார்கள். வேலை முடிந்ததும் மணல் மூட்டையை மேலே இருந்து போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டார்கள், தாங்கியது. "இன்னும் ரெண்டு மூட்ட" என்றாள். அதன் பிறகு அசாம்காரப் பெண் பலகையில் இருந்து வேண்டுமென்றே மல்லாந்து விழுந்தாள். மாமி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். வலை அந்தப் பெண்ணை இரண்டு முறை தூக்கிப் போட்டு ஏந்திக்கொண்டது. அவள் இறங்கி வந்து மாமியைக் கட்டிப்பிடித்தாள். "பிள்ளைக்கு எடையே இல்லையே. சோறு போடுகியளா இவளுக்கு?" என்று மாமி மேனேஜரிடம் சண்டைக்குப் போனாள்.

அன்று மாலைக் காட்சியில் மைக் முழங்கியது: "ஜப்பான் நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பாதுகாப்பு வலை!"

முன் வரிசையில் இருந்த மாமி பக்கத்து வீட்டு மைனியைப் பார்த்தாள். "ஜப்பானா? நான் வேளாங்கண்ணி தாண்டிப் போனதில்லையே."

அன்று அந்தப் பெண் குதித்தாள். என் உருட்டு பதினெட்டு விநாடி. காலைப் பார்த்தேன், பலகையைவிட்டு எழும்பியதும் நிறுத்தினேன். கை கையைப் பிடிக்கும்வரை கூடாரத்தில் ஒரு சத்தம் இல்லை.

கடைசிச் சனிக்கிழமை எங்கள் தலைமை ஆசிரியர் குடும்பத்தோடு வந்தார். நான் சர்க்கஸில் வாசிப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கேலரியில் இருந்து, "ஏலே, பிரேசிலப் பாருலே, நம்ம கெமிஸ்ட்ரி டீச்சர்லா" என்று ஒருவன் சொன்னது எனக்கே கேட்டது. ஆனால் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆசிரியைகள் தாளம் போடுவது, ஜிகினா உடுப்பது, சிரிப்பது ஆகியவை எங்கள் பள்ளியின் ஒழுக்க விதிகளில் தனித்தனி எண்களில் வரும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

கூட்டத்தில் இருந்து ஒருவரை அழைத்து உட்காரவைக்கிற விளையாட்டு கோமாளிக்கு உண்டு. அன்று அவர் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பவரைத்தான் எந்த ஊரிலும் தேர்ந்தெடுப்பாராம். நாற்காலியில் கௌரவமாக உட்கார்ந்தார் தலைமை ஆசிரியர். நாற்காலியின் கால்கள் நான்கு பக்கமும் விரியத் தொடங்கின. என் கால் என்னைக் கேட்காமலே பெடலில் இறங்கிவிட்டது. மிகச் சரியான நேரம். கேலரியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

காட்சி முடிந்து அவர் மேடைப் பக்கம் வந்தபோது முகமூடியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். அவர் போனை நீட்டினார். "எக்ஸ்கியூஸ் மி மேடம், ஒன் போட்டோ ப்ளீஸ். வெரி நைஸ் டிரம்மிங். விச் சிட்டி இன் பிரேசில்?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுக்கும். தலையை ஆட்டினேன். "இங்கிலீஷ் தெரியல போல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்று சிரித்தார். எட்டு வருஷமாக அவர் பார்த்தது வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்தை மட்டும்தான். முகத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. அவர் மனைவி என் முகமூடியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். கை கொடுக்கிற சாக்கில் குனிந்து, "பயங்கரமா வாசிக்கிய டீச்சர்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கட்டுப் பிரித்துப் பழைய டிரம்ஸ்காரர் வந்துவிட்டார். சர்க்கஸ் கொல்லத்துக்குக் கிளம்பியது. அசாம்காரப் பெண்ணுக்கு மாமி இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டிக்கொடுத்தாள்.

பள்ளி திறந்த முதல் நாள் காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் உழைப்பைப் பற்றிப் பேசினார். "நம்ம ஊர் சர்க்கஸ்ல ஒரு பிரேசில் பெண்மணியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசல. வேலையில மட்டும் கவனம். அந்த அர்ப்பணிப்பு நம்ம ஆளுகளுக்கு வருமா?" என்று கேட்டார். அறுநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்தோ ஒரு கைதட்டல் ஆரம்பித்துக் கூட்டம் முழுவதும் பரவி நிற்காமல் போனது. தன் பேச்சு இவ்வளவு எடுபட்டதை அவர் எதிர்பார்க்கவில்லை. அடக்கத்தோடு கையமர்த்தினார்.

அதோடு முடியவில்லை. ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அந்தப் பெண்மணியை அழைக்க வேண்டும் என்று முடிவு செய்து, சர்க்கஸ் முகவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். நல்ல மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு வாரத்தில் மேனேஜரிடம் இருந்து பதில் வந்தது. எங்கள் கலைஞர் தற்சமயம் ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், வர இயலாததற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார். தலைமை ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெரிய கலைஞர்கள் அப்படித்தான் என்று சொல்லி அதைக் கோப்பில் வைத்துவிட்டு, பிளஸ் ஒன் ஆய்வகத்தில் உடைந்த குடுவைகளின் பட்டியலை இன்னும் ஏன் தரவில்லை என்று என்னிடம் கேட்டார்.